அரைக் கிலோ சீனி

ஹம்னா தேயிலைத் தண்ணீரில் இரண்டாவது கரண்டி சீனியைப் போட்டாள்.

"இன்னொண்ணு போடுளா," என்றார் வாப்பா அகமது மீரான். படுக்க முடியாமல், மடியில் தலையணையை வைத்து அதன்மேல் குனிந்திருந்தார். விலாவிலிருந்து இறங்கிய குழாயைத் துணி மூடியிருந்தது. "இருவது வருசமா மாத்திரைக்கு எறங்காத சுகரு, நெஞ்சுல ஊசி குத்துனதும் எறங்கிட்டு பாத்தியா!"

சிரிப்பு இருமலாக முடிந்தது.

அன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டை வாசித்தது ஹம்னாதான். பதினொன்றாம் வகுப்பு; வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள். "குளுக்கோஸ் இருபத்தெட்டுதான் வாப்பா!" என்று கத்திவிட்டாள். அதன்பிறகுதான் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"இது ரத்தம் இல்லம்மா, நுரையீரலைச் சுத்தி நிக்கிற தண்ணி. அதுல சீனி இவ்வளவு கொறஞ்சா, புத்துநோய்க் கட்டி நல்லாப் பரவிட்டுன்னு அர்த்தம். மருந்துப்பொடி போட்டு அந்த எடத்த ஒட்ட வச்சாலும் தண்ணி சேருறது அனேகமா நிக்காது. குழாய் வச்சு அனுப்புதோம். நாள் கொஞ்சந்தான்."

வீடு திரும்பும்போது வாப்பா வண்ணார்பேட்டையில் ஆட்டோவை நிறுத்தி அரைக் கிலோ சீனி வாங்கவைத்தார். அவருக்காக அந்த வீட்டில் யாருமே சீனி தொட்டதில்லை. எறும்பு வரும் என்று பொட்டலத்தில் அவரே ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

அன்றிரவு அடுப்படியில் ஹம்னா உம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உம்மா, நான் தப்பா வாசிச்சிட்டேன். அது நல்ல செய்தி இல்ல. வாப்பாட்டச் சொல்லணுமா? நான் போடுத சீனிதான் அவுகளக் கொல்லுதோன்னு பயமா இருக்கு."

உம்மா தம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நீ டாக்டர் ரூம்ல இருந்து வெளிய வந்தப்பவே ஒன் மூஞ்சியப் பாத்தேன்ளா," என்றாள் கடைசியில். "சீனியால ஒண்ணும் இல்ல. அவுக கேக்குற வரைக்கும் போடு."

சில நாள் கழித்து, விடியற்காலைப் பஜ்ரு பாங்குக்குச் சற்று முன் உம்மா தலையணையை மெல்ல உருவினாள். வாப்பா அதே குனிவில் இருந்தார். மூச்சு இல்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பின் வாப்பாவை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். பக்கத்து வீட்டு சுபைதா மாமி தேயிலை கொதிக்கவைத்தாள்.

"எங்க வீட்ல போய்ச் சீனி எடுத்துட்டு வாரேன். ஒங்க வீட்லதான் கெடையாதே."

ஹம்னா அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். பாதிக்கு மேல் இருந்தது.

"இது எப்பளா வாங்குனிய?"

ஹம்னா ரப்பர் பேண்டை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.