சிரிப்பு வீடியோ

தன் சலூன் கடைக்கு வருகிற யாரையும் அவர் சிரிக்க வைக்காமல் அனுப்பியதில்லை. முடிவெட்டுகிறவனுக்குக் கையும் வாயும் சேர்ந்து ஓட வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த மாதம் அவர் கைவசம் இருந்த பெரிய சரக்கு, மகள் மொட்டு குறட்டை விடுகிற வீடியோ. நாலு வயதுப் பிள்ளை சோபாவில் மல்லாந்து, வாயைப் பிளந்துகொண்டு, மேடேறும் லாரி மாதிரி உறுமுவாள். திடீரென்று சத்தம் நின்றுபோகும். பிறகு உடம்பையே தூக்கிப் போட்டு ஒரு செருமல் வரும் பாருங்கள், அந்த இடத்தில் கடையே கொல்லென்று சிரிக்கும்.

"கியர் மாத்துறா சார்!" என்பார்.

அன்று மத்தியானம், மகனுக்கு முடிவெட்டக் கூட்டி வந்த ஒரு பெண்ணிடமும் அதைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

"இன்னொரு தரம் போடுங்கண்ணே."

போட்டார். உறுமல் நின்ற இடத்தில் அவள் திரையருகே விரலைக் கொண்டுபோனாள்.

"சத்தம் நின்னுடுச்சு. ஆனா நெஞ்சைப் பாருங்க, எப்படிக் குழி விழுந்து குழி விழுந்து ஏறுது. இழுக்கிறா, காத்து உள்ளே போகலை. கடைசியில தூக்கிப் போடுதே, அது மூச்சு கிடைக்காம பிள்ளை அடிச்சுக்கிறது."

"நீங்க யாரும்மா?"

"ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸ். வீடியோவை அழிச்சுடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. தள்ளிப் போடாதீங்கண்ணே."

கத்தரி கையிலேயே நின்றுவிட்டது. நாற்காலியில் இருந்த பையன் கண்ணாடி வழியாக அவரையே பார்த்தான். எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் முதலில் சிரித்தது அவர்தான். பாதி வெட்டிய தலையை எப்படி முடித்தார் என்பது அவருக்கே தெரியாது.

தொண்டை டாக்டர் கண்ணாடி போட்ட, சாந்தமான அம்மாள். வீடியோவைப் பார்த்துவிட்டு, மொட்டுவை மனைவியின் மடியில் உட்கார வைத்து, "ஆ சொல்லு கண்ணு" என்று விளக்கடித்தார். "நீங்களும் வந்து பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். உள்நாக்கின் இரண்டு பக்கமும் இரண்டு சதை உருண்டைகள், ஒன்றை ஒன்று இடிக்கிற மாதிரி நின்றன. நடுவே ஒரு பென்சில் நுழைந்தால் அதிகம். இந்த வழியாகவா இத்தனை நாள் சோறும் காற்றும் போயிற்று?

"வகுப்புல தூங்குறாளா?"

"ஆமா டாக்டர்" என்றாள் மனைவி. "டீச்சர் எப்பவும் குறை சொல்வாங்க."

"படுக்கையில ஒண்ணுக்குப் போறாளா? சாப்பாட்டை வாய்லயே வச்சுக்கிட்டு இருக்காளா?"

"எல்லாம் உண்டு. சோம்பேறி, பிடிவாதக்காரின்னு திட்டாத நாளில்லை."

"சோம்பேறி இல்லம்மா. தூக்கத்துல மூச்சுக்கே போராடுற பிள்ளை பகல்ல எப்படி முழிச்சிருக்கும்?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தின வாரம் ஈரப் பாயைப் பிள்ளையின் மூஞ்சிக்கு நேரே பிடித்துக் காட்டியவள் அவள்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டித் தூக்கத்தைச் சோதித்தார்கள். மூச்சு நின்று நின்று வருவது உறுதியானது. அந்த இரண்டு உருண்டைகளை, அதாவது டான்சிலையும், மூக்குக்குப் பின்னால் வளர்ந்த சதையையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. "பால் பல்லுகூட விழாத பிள்ளைக்குக் கத்தியா?" என்று மனைவி அழுதாள். மச்சான் போனில் குதித்தார்: "டான்சில் உடம்புக்குக் காவக்காரன் மாப்ளே! எடுத்துட்டா கண்டதும் உள்ளே வரும்."

மச்சான் சொன்னதை அப்படியே டாக்டரிடம் போய்க் கேட்டார் மொட்டுவின் அப்பா.

"காவலுக்கு உடம்புல இன்னும் நிறையப் பேர் இருக்காங்க. இந்தக் காவக்காரன் வாசலையே அடைச்சுட்டு நிக்கிறான். ஆனா ஒண்ணு, ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரத்தம் வரலாம். ஒரு வாரம் கழிச்சு, பொருக்கு உதிர்றப்பகூட வரலாம். வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம தூக்கிட்டு வரணும்."

அன்று அவர் தன் மூத்த மகனையும் கூடவே இழுத்து வந்திருந்தார். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை அவனுக்குத் தொண்டை வலி வரும். "இவனுக்கும் பெரிசா இருக்கு டாக்டர். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரேயடியா இவனுக்கும் எடுத்துடுங்க."

டாக்டர் பார்த்தார். "பெரிசுதான். குறட்டை உண்டா?"

"இல்லை."

"நல்லாத் தூங்குறான், சாப்பிடுறான், விளையாடுறான். அப்ப எதுக்கு எடுக்கணும்? பெரிசா இருக்குன்னு எடுக்கிறதில்லை. அது பிள்ளையை என்ன பாடு படுத்துதுன்னு பார்த்துதான் எடுக்கிறது. வயசு ஏற ஏறத் தானாச் சுருங்கும்."

"தப்பிச்சேண்டா சாமி!" என்று பையன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

மொட்டுவின் ஆபரேஷனுக்கு அவரே சம்மதக் கையெழுத்துப் போட்டார்; நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஓடியிருக்கும். விடியற்காலையில் மொட்டு எழுந்து உட்கார்ந்து இருமினாள். தலையணை சிவந்தது. அவர் சட்டை போடாமலே பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினார், பின்னாலேயே மனைவியும். "நான்தானே கையெழுத்துப் போட்டேன், நான்தானே" என்று ஆட்டோ போகிற வழியெல்லாம் முணுமுணுத்தார். மொட்டு அவர் வெறும் நெஞ்சில் சாய்ந்து, துப்பிய ரத்தத்தையே வெறித்தாள். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதே ரத்தம் நின்றிருந்தது. இருந்தாலும் அன்று முழுக்கப் படுக்க வைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள். திரும்பி வரும்போது மனைவி தன் துப்பட்டாவை அவர் தோளில் போர்த்தினாள்.

அதற்கப்புறம் ஒரு தொல்லையும் இல்லை. வலிக்குப் பயந்து கிசுகிசுத்தே பேசிக்கொண்டிருந்தவளுக்குத் தொண்டைப் புண் ஆறியது. பிள்ளை தட்டைக் காலி செய்தாள். பாய் காய்ந்தே கிடந்தது.

ஒரு நாள் காலை அவர் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள்.

"அப்பா, என் செருப்பு எங்கே?"

கணீரென்ற குரல். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதுவோ உள்ளே வந்துவிட்டது என்று திரும்பினார். மொட்டுதான் நின்றாள். வாயில் சுடுசோற்றை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரிதான் இத்தனை நாளும் பேசினாள். அதுதான் மகளின் குரல் என்று அவர் நினைத்திருந்தார். பிரஷ் வாயிலேயே இருக்க, எச்சில் நுரை மோவாயில் வழிந்தது.

உள்ளேயிருந்து மனைவி அவசரமாக வந்தாள். "யாருங்க வந்திருக்கிறது?"

அவர் பிரஷை எடுத்து மகளைச் சுட்டிக் காட்டினார். மொட்டு காலைத் தரையில் உதைத்தாள்.

"அம்மா, செருப்பு!"