இடுக்கில் சந்தனம்

செமோர் தொழிற்பேட்டையின் அந்தச் சிறிய ஆலையில், கலாதேவி மூன்றாம் முறையாகத் துணியை ஆல்கஹாலில் நனைத்துக் காந்த வரிசையின் ஓரத்தைத் துடைத்தாள். துணியில் மஞ்சள் நிறம் ஒட்டவில்லை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். இரண்டு காந்தங்களுக்கு இடையிலான இடுக்கில் சந்தனம் அப்படியே இருந்தது.

அரை மைல் நீளத்துக்குக் கட்டவேண்டிய லேசரை ஓர் அறைக்குள் அடக்கப் பார்க்கிறது ஒரு வெளிநாட்டு ஆய்வகம். எதிரும் புதிருமாக அடுக்கிய காந்தங்களுக்கு நடுவே எலெக்ட்ரான்கள் நெளிந்து ஓடும்போது, கண்ணுக்குப் புலப்படாத மிகக் குறுகிய அலை ஒளி பிறக்கும். எந்திரம் சிறுத்தால் காந்தமும் சிறுக்கவேண்டும். நக அளவில் தொண்ணூற்றாறு காந்தங்களை அடுக்கித் தரும் வேலை இந்த ஆலைக்கு வந்திருந்தது. உள்ளே காற்றே இருக்கக்கூடாது. துளி எண்ணெய்ப் பசை ஆவியானாலும் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகள் கறுத்துவிடும். சூடேற்றிப் போக்கலாமென்றால் காந்தத்தின் வலு போய்விடும்.

ஒவ்வொன்றையும் அளந்து, வலு பார்த்து அடுக்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. மணிக்கட்டு இன்னும் வலித்தது.

போன சனிக்கிழமை ஆயுத பூஜை. அவளுடைய உதவியாளன் தேவன் சந்தனத் தட்டோடு ஒவ்வொரு எந்திரமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தான். களைப்பில் நாற்காலியில் சாய்ந்திருந்த கலாதேவிதான் சொன்னாள்: "நம்ம வரிசைய மட்டும் ஏன் விடுற? ஓரமா ஒண்ணு வையி."

இப்போது மேற்பார்வையாளர் கென்னத் படிவத்தோடு வந்தார்.

"கலா, ரெண்டு மணிக்கு இத ஏத்த லோரி வருது. கையெழுத்துப் போடு லா."

"உள்ள இறங்கியிருக்கு அண்ணே. பிரிச்சாத்தான் போகும்."

"கடுகளவு சந்தனம். அங்க யாரு நோண்டிப் பாக்கப்போறா? இது தவறினா அடுத்த பன்னெண்டு வரிசையும் நமக்கு இல்ல. உன் கான்ட்ராக்டும் டிசம்பர்ல முடியுது, மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. பேனாவை வாங்கினாள். 'சுத்தம்' என்ற கட்டத்தைத் தாண்டி, 'திரும்பப் பிரிக்கவேண்டும்' என்பதில் குறியிட்டாள். காரணம் கேட்ட இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

"நான்தானே அக்கா வச்சேன்," என்றான் தேவன்.

"நான் சொல்லித்தானே வச்ச. பெரிய தியாகி மாதிரி நிக்காத. திருகு கழட்டுற அந்தப் பித்தளைச் சாவிய எடு."

கென்னத் கண்ணாடி அறைக்குள் போய் ஆய்வகத்தோடு தொலைபேசியில் பேசினார். பலமுறை தலையை ஆட்டினார். வெளியே வந்தபோது குரலில் கோபம்கூட இல்லை.

"இந்த ஒண்ண மட்டும் முடிச்சுக் குடுக்கச் சொல்றாங்க. மிச்சம் வேற இடத்துக்குப் போகுதாம்."

"சரிண்ணே."

அவள் கையுறையை மாற்றிக்கொண்டாள். தேவன் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, முதல் திருகைத் தளர்த்தினாள். காந்தம் பக்கத்துக் காந்தத்தை விட மனமில்லாமல் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை நகர்த்தி எடுத்து, எண் ஒட்டிய பெட்டியின் முதல் குழியில் வைத்தாள்.