சிவப்பு உறை

என் காருக்கு நல்ல குணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கிட்டத்தட்ட என் வயது வண்டி. ஆனாலும் காலையில் சாவியைத் திருப்பினால் முரண்டு பிடிக்காமல் கிளம்பிவிடும். வீடு வீடாகப் போய், படுக்கையில் இருப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டு மாற்றுவது என் வேலை. கூட வேலை செய்கிற நர்ஸ்கள் புது வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது, "வண்டியை அன்பா வச்சுக்கணும்" என்று அவர்களுக்கு உபதேசம் வேறு செய்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் கணவர் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. திருப்பத் திருப்ப முனகியதே தவிர பற்றவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். வந்து முன்பக்க மூடியைத் தூக்கி, எஞ்சினில் எதையோ கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, இது பாயிண்ட் வச்ச வண்டி. உள்ள ரெண்டு முனை இருக்கு, அது தொட்டுத் தொட்டு விலகினாத்தான் பொறி வரும். கரி பிடிச்சாலோ ஈரம் பட்டாலோ படுத்துடும். இந்தப் பழசை யாரோ விடாம தேய்ச்சு விட்டுக்கிட்டு இருக்காங்க. நீயா பண்றே?"

நான் இல்லை. நான் எழுந்திருக்கும் முன்பே ஷெட்டிலிருந்து வருகிற கணவரின் விரல்நுனிகள் எப்போதும் கறுப்பாக இருக்கும். "காலங்காத்தால அங்க என்னத்தை நோண்டறீங்க?" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். "சும்மா" என்பார். அந்தச் சும்மாவில்தான் இத்தனை வருடமாக என் வேலை ஓடியிருக்கிறது.

அதன் பிறகு அவர் கண் கெட்டது. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செய்த பிறகு சில வாரங்களுக்குக் குனியக் கூடாது, தூசு படக் கூடாது என்றும் சொன்னார். குனியக் கூடாது என்றதுமே இவர் முகம் மாறிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் தேதி வாங்கினால் போதும், இவருக்குச் சளி பிடிக்கும், இல்லாவிட்டால் வயிறு சரியிருக்காது. மேசைக்கு வெளியே டம்ளரை வைத்து உடைக்கிற அளவுக்கு மங்கியும் பிடிவாதம் குறையவில்லை. ஊரில் உள்ள நோயாளிகளை எல்லாம் அதட்டி மாத்திரை விழுங்க வைக்கிறவள் நான். வீட்டில் என் பருப்பு வேகவில்லை.

தம்பிதான் வழி சொன்னான். "பாயிண்டையே தூக்கிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வச்சிடலாம். ஒரு காந்தம் சுத்தும், பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி அதைப் பார்த்து பொறி விடும். ஒண்ணை ஒண்ணு தொடாது, தேயாது. மாமா குனியவே வேண்டாம்."

"அது செத்துப்போனா நடுரோட்ல இவ என்ன பண்ணுவா?" என்றார் கணவர். "பாயிண்டுன்னா தீப்பெட்டி ஓரத்துல தேய்ச்சாவது வீடு வந்து சேரலாம்."

"அக்கா இதுவரைக்கும் ஒரு தடவையாவது தேய்ச்சிருக்காளா மாமா?"

நான் அப்போதே தம்பியை வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

என் விடுமுறை நாளில் தம்பி வேலையைத் தொடங்கினான். கணவர் ஷெட் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். அது தலைகீழாக இருந்தது. மனிதர் ஏற்கெனவே நொந்துபோயிருந்ததால் நான் சொல்லவில்லை.

பழைய பாயிண்டைக் கழற்றி ஒரு துணியில் வைத்தான் தம்பி. காந்த வளையத்தைப் பொருத்தினான். பிறகு பின் இருக்கையைத் தூக்கி, அடியில் இருந்த பேட்டரியைப் பார்த்தான். அதன் தலை முழுக்கக் கணவர் அப்பிய கிரீஸ்.

"இந்தப் பெட்டியில ரெண்டு ரகம் இருக்குக்கா. பேட்டரியோட பிளஸ் பாடியில சேர்ந்திருந்தா ஒண்ணு, மைனஸ் சேர்ந்திருந்தா இன்னொண்ணு. மாத்திப் போட்டா சாவியைத் திருப்பினதும் பொசுங்கிடும். இந்த வண்டிக்கு பிளஸ்னு கம்பெனி புஸ்தகத்துலயே போட்டிருக்கு. பிளஸ்ஸுக்குப் போடற சிவப்பு உறை ஒயரும் பாடிக்குத்தான் போகுது. கணக்கு சரி." பெட்டியையும் மாட்டி முடித்தான்.

நான் ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தேன். "திருப்பவா?"

"திருப்புக்கா."

"திருப்பாத" என்றார் கணவர்.

செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு வந்து கார்க் கதவைப் பிடித்தார். "சிவப்பு உறையை நம்பாத மாப்ள. அது மைனஸ்."

தம்பி துணியால் கிரீஸை வழித்தான். சிவப்பு உறை போட்ட ஒயர் பிடித்திருந்த முனைக்குப் பக்கத்தில் மைனஸ் குறி பளிச்சென்று தெரிந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு மாமா இப்படி மாத்தினது?"

"நான்தான். கல்யாணமான புதுசுல ரேடியோ வாங்கினேன். மைனஸ் பாடியில இருந்தாத்தான் அது பாடும்னு கடையில சொன்னாங்க. உங்க அக்காவுக்குப் பாட்டு இல்லாம முடியாதே. ஒயரை மாத்திப் போட்டேன். உறையை மாத்த மறந்துட்டேன்."

தம்பி பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, வேறு ரகம் மாற்றி வாங்கக் கடைக்குப் போனான். நாங்கள் இரண்டு பேரும் ஷெட்டில் இருந்தோம்.

"பேசாம இருந்திருந்தா அது பொசுங்கியிருக்கும்" என்றேன். "மறுபடி பாயிண்டையே மாட்டியிருப்போம். உங்க இஷ்டப்படி ஆகியிருக்கும்."

"அதைத்தான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அப்புறம் ஏன் எந்திரிச்சு வந்தீங்க?"

அவர் துணியில் கிடந்த பாயிண்டை எடுத்து விரலால் வருடினார். "எனக்கு இந்த ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கிற இடைவெளி கண்ணுக்குத் தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு. குத்துமதிப்பாத்தான் வச்சிட்டிருந்தேன். நீ வீடு திரும்புற வரைக்கும் தினம் பயம். அதை உன்கிட்ட சொல்ல முடியல."

நன்றி சொன்னால் இவருக்குக் கூச்சம் வந்துவிடும், பேச்சை மாற்றிவிடுவார். மாற்றினால் மாற்றட்டும் என்று சொல்லியே விட்டேன். "ரொம்ப நன்றிங்க. இன்னைக்குத் தடுத்ததுக்கு மட்டும் இல்ல. நான் தூங்கிக்கிட்டிருந்த அத்தனை காலைக்கும்."

"இதுக்கெல்லாமா" என்று முணுமுணுத்துவிட்டு நாற்காலிக்குப் போய்ச் செய்தித்தாளைத் தேடி எடுத்தார்.

"இப்பவாவது நேரா பிடிங்க" என்றேன்.

தம்பி வந்து சரியான பெட்டியைப் பொருத்தினான். சாவியைத் திருப்பியதும் வண்டி பற்றிக்கொண்டது. கணவர் தலையைச் சாய்த்து வெகுநேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். குறை கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். கடைசியில், "சீராத்தான் ஓடுது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டர்கிட்ட எப்ப தேதி வாங்கலாம்?" என்று கேட்டார்.

அந்தத் தடவை சளி பிடிக்கவில்லை.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டி அழைத்து வந்து காரில் உட்கார வைத்தேன். வெயில் படாத இடம்தான் என்று கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்ப இவ்வளவு நரைச்ச? யாருமே எங்கிட்ட சொல்லலையே."

"நீங்கதான் எந்நேரமும் வண்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தீங்களே" என்றேன்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எனக்குக் கண்ணும் கலங்கியது. கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன், வண்டி உடனே கிளம்பியது. அவர் கை எதையும் தடவாமல் நேராகப் போய் ரேடியோவின் திருகைப் பிடித்தது.