மெத்தென்ற சொல்

"அந்த வார்த்தை வேண்டாம்னு சொல்றேன்ல..."

"இந்தத் தடவை அதைத்தான் சார் போடுவேன்..."

"மோகனா, நான் பேசி முடிச்சிடறேன்!"

"முடிங்க. ஆனா 'ஃபுகுஆய்'னு மறுபடி என் கையால வராதுங்க."

ஹெப்பாளில் உள்ள அந்தத் தொழிற்சாலைக்கு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் மோகனப்ரியா ஒருத்திதான். மேலாளர் சீனிவாசன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை முறைத்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் நான்காம் பிரஸ் மெஷினில் அதை இயக்கும் காளியப்பனின் இரண்டு விரல்கள் போயிருந்தன. விபத்து அறிக்கை மூன்று மணிக்குள் ஓசாகா தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

"ஃபுகுஆய், கொஷோ ரெண்டுக்கும் மெஷின் சரியில்லன்னுதானே அர்த்தம்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடம்மா, கொஞ்சம் விட்டுக்கொடு."

"ஃபுகுஆய்னா, இருமலோட வேலைக்கு வந்துட்டான்கிற மாதிரி. 'கொஷோ'ன்னா படுத்துட்டான், எந்திரிக்க மாட்டான். கை உள்ள போனா மெஷினை நிறுத்தற சென்சார் செத்துப்போச்சுன்னு காளியப்பண்ணன் மூணு வாரம் முன்னாடியே எழுதிக் கொடுத்தாரு. கொஷோன்னு அனுப்பியிருந்தா, அரை மணியில லைனை நிறுத்துன்னு போன் வந்திருக்கும். நாம ஃபுகுஆய்னு அனுப்பினோம். அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு பதில் வந்துச்சு."

"நாமவா? மெதுவாச் சொல்லுன்னேன், அவ்வளவுதான். வார்த்தையப் பொறுக்கி எடுத்தது யாரு? எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியுமா?"

எடுத்தது அவள்தான். ஓசாகாக்காரர்கள் முகம் சுளிக்காத சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டோம் என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டிருந்தாள்.

"இப்பக் கொஷோன்னு போட்டா, தெரிஞ்சே ஓட்டினோம்னு ஆகும். என் தலைதான் உருளும்."

"ஃபுகுஆய்னு போட்டா, ஓடற மெஷின்ல அவரே கையை விட்டாருன்னு ஆகும். அவரு வேலையும் போகும். விரல் போனது பத்தாதுங்களா?"

கொஷோ என்று தட்டினாள். அதோடு நிற்காமல், மூன்று வாரம் முன்பு தவறான சொல்லைப் போட்டவள் நானே என்று இன்னொரு வரியும் சேர்த்து அனுப்பிவிட்டாள்.

"கீழ என்னமோ எழுதினியே, என்னது?"

"என் பேரு."

"அறிவிருக்கா? உன் வேலைக்கு நீயே உலை வெச்சுக்கிட்டே!"

"போனாப் போகட்டும். காளியப்பண்ணன் சம்சாரம் பஞ்சவர்ணம் காலையில இருந்து கேட்டுல நிக்குது. எங்க வீட்டுக்காரர் மேலதான் தப்பான்னு போறவங்க வர்றவங்களை எல்லாம் கேக்குது. தமிழ்லதான் கேக்குது சார், அதுக்கு நான் வேண்டியதில்ல. நீங்களே எறங்கிப் போயிப் பதில் சொல்லுங்க."