மஞ்சள் கட்டம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பார்கள் ஆபீஸில். நான் பார்க்கும் வேலை அப்படி. ஊரின் போன், இணையம், ஆம்புலன்ஸ் அழைப்பு எல்லாம் சர்வர்களில் ஓடுகின்றன. ஒன்று படுத்தால் அதன் இடத்தில் எந்த ஸ்பேர் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது நான்தான். ஸ்பேர் சும்மா இருக்காது. மெயின் சர்வர் செய்வதையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். மெயினின் துடிப்பு நின்ற நொடியில் பொறுப்பேற்கும். சுவர்த் திரையில் பச்சைக் கட்டம் மஞ்சளாகும், அவ்வளவுதான். மணி அடிக்காது. சேவைதான் நிற்கவில்லையே, எதற்கு மணி?

அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். இதயம் பலவீனம். என்னோடு வந்துவிடுங்கள் என்றால் கேட்கமாட்டார், பிடிவாதத்தில் எனக்கு அப்பன். அதனால் நாடி பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிவிட்டேன். நாள் முழுக்க நான் பார்ப்பது அந்தத் திரையைத்தானே என்று, பட்டையையும் அவர் போனையும் சேர்த்து அதில் ஒரு கட்டமாகப் போட்டேன். ஸ்பேர் எண் கொடுக்காமல் திரை ஏற்கவில்லை. எரிச்சலில் ஏதோ ஒரு எண்ணைத் தட்டினேன்.

"அப்பாவுக்கே ஸ்பேரா? நல்ல பொண்ணும்மா நீ!" என்று பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இன்று மதியம் வழக்கம்போல் அழைத்தேன்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சுப்பா. மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன். போலீஸ் மாதிரி கேக்காத."

அதே இருமல், அதே அலுப்பு. பேசிக்கொண்டே நிமிர்ந்தேன். அப்பாவின் கட்டம் மஞ்சளாக இருந்தது. காலையிலிருந்தே மஞ்சள் என்றது அதன் ஓரத்து நேரக்குறிப்பு; மணி அடிக்காததால் நான் கவனிக்கவில்லை. உள்ளே துடிப்பு மட்டும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது, அப்பாவுக்கு என்றைக்கும் இல்லாத சீராக.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அப்பா, நீங்கதானா பேசறது?"

மறுபடி அதே இருமல். "போலீஸ் மாதிரி கேக்காத."

என் முகத்தைப் பார்த்தே பக்கத்து சீட்டுக்காரர் ஆம்புலன்ஸை அனுப்பினார். நான் போனை வைக்கவில்லை. கதவை உடைத்து உள்ளே போனவர்கள் பக்கத்து சீட்டுக்காரரிடம்தான் சொன்னார்கள். உடம்பு சில்லிட்டுப் போயிருந்ததாம். உயிர் காலையிலேயே போய்விட்டதாம்.

அவர் தயங்கித் தயங்கி என் கீபோர்டின் பக்கம் கையை நீட்டினார். "ஸ்பேர நிறுத்திடட்டுமாம்மா?"

"தொட்டீங்க, அவ்வளவுதான்!" என்று கத்தினேன்.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்க மனசு வரவில்லை.

"சாப்டியாம்மா?"

"ஆச்சுப்பா," என்றேன்.