வினா எழவில்லை

திருஞானசம்பந்தம் சட்டமன்ற உறுப்பினராகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் சபையில் அவர் குரல் கேட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பதவியேற்பு அன்று வாசித்த உறுதிமொழி. வேளாண்மைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்சிக்குள் இரண்டு கோஷ்டி முட்டிக்கொண்டபோது, இரண்டு பேருக்கும் பகையில்லாத ஆள் என்று இவரை இழுத்து வந்து நிறுத்தினார்கள். இவர் ஜெயித்தார், கட்சி தோற்றது. எதிர்க்கட்சி வரிசையில் கடைசிக்கு முந்தின பெஞ்சில் இடம். குரல் இயல்பிலேயே சின்னது. தொகுதிக்குள் 'கையெழுத்து எம்.எல்.ஏ.' என்று ஒரு பெயர் இருந்தது. யார் எந்த மனுவை நீட்டினாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் ஆவணி மாதத்தில் புன்னைவிளாகம் அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கைலாசம் அவரைப் பார்க்க வந்தார். அவர் தொகுதியில், முக்கூடலிலிருந்து ஆற்றோடு போனால் நாலாவது ஊர் புன்னைவிளாகம். போன வருடம் எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பெண்பிள்ளைகள், இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பேர். மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று தனக்கே விளங்கவில்லை என்றார் கைலாசம்.

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த பொன்செல்வி வீட்டு நடையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. இவர்களைக் கண்டதும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்றாள். ஏன் நின்றுவிட்டாய் என்று இவர் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா தங்கத்தாய்தான் பதில் சொன்னாள்.

"அவளுக்கு இஷ்டம் இல்லய்யா. நாங்க என்ன செய்ய?"

ஏழு வீட்டில் இதே பதில். வீட்டுக்கு வந்து மனைவி ஞானம்பாளிடம், "பிள்ளையளுக்குப் படிப்புல நாட்டம் இல்ல. நாம என்ன செய்ய முடியும்?" என்றார். மறுநாள் சாப்பாடு முடிந்ததும் ஞானம்பாள் பஸ் ஏறித் தனியாகப் புன்னைவிளாகம் போனாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து, கால் கழுவிவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைய ஒதுங்க இடம் இல்ல அத்தான். அவ்வளவுதான் விஷயம்."

"பின்னால வயக்காடு கெடக்கே..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வயக்காட்டுக்கு எதுத்தாப்ல இப்ப பஸ் வந்து நிக்குது. டீக்கடை போட்டுருக்கான். எந்நேரமும் ஆம்பளைய நிக்குதாங்க. பிள்ளைய காலையிலயிருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம இருக்கு. சாயந்தரம் வீட்டுக்கு வந்துதான் எல்லாம். பெரியவளாயிட்டா கேக்கவே வேண்டாம், மாசத்துல அஞ்சு நாள் லீவு. ஏன் வரலன்னு வாத்தியார் கேட்டா அது என்னன்னு சொல்லும்? நாலு மாசம் பாத்துட்டுப் பைய நின்னுடுது."

"இதை அந்தப் பொன்செல்வியா உங்கிட்ட சொல்லிச்சு?"

"முதல்ல நான் என் கதையைச் சொன்னேன். பொறவுதான் அவ சொன்னா."

"உன் கதையா?"

ஞானம்பாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "நானும் எட்டாவதோட நின்னது அதுக்குத்தான்."

அவர்களுக்குக் கல்யாணமாகி முப்பத்துநாலு வருடம். வீட்டுக்கு யார் வந்தாலும், பேச்சு படிப்புப் பக்கம் திரும்பினால், "எங்க வீட்டு அம்மாவுக்குப் புஸ்தகத்தைக் கண்டா ஓட்டம்தான். எட்டாவதுல ஓடுன ஓட்டம், எங்க வீட்டுல வந்துதான் நின்னா" என்று சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம். வந்தவர்களும் சிரிப்பார்கள். ஞானம்பாளும் சிரித்துக்கொண்டே காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்லுதது? அதுக்கு ஓட்டக்காரின்னு பேரு வாங்குதது பரவாயில்லன்னு இருந்துச்சு."

அவர் வெகுநேரம் அவள் கைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி என்றுகூட அதுவரை அவர் கேட்டதில்லை. கேட்டார். கணக்கு என்றாள்.

அந்த வாரமே சட்டமன்றச் செயலகத்துக்கு ஒரு வினா எழுதி அனுப்பினார். அவர் எழுதிய முதல் வினா. நாலு தடவை அடித்துத் திருத்தி, கடைசியில் இப்படி வந்து நின்றது: '(அ) புன்னைவிளாகம் அரசு மேல்நிலைப் பள்ளியில் மாணவியருக்குக் கழிப்பிட வசதி உள்ளதா? (ஆ) இல்லையெனில், அதை ஏற்படுத்த அரசு முன்வருமா?'

மாசி மாதக் கூட்டத்தொடரில் அவர் வினா பட்டியலில் ஏறியது. அமைச்சர் எழுந்து நேரில் பதில் சொல்கிற வினா. அன்றைக்கு மூன்றாவது எண். பார்வையாளர் மாடத்துக்கு ஒரு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஞானம்பாளையும் நெல்லை எக்ஸ்பிரஸில் கூட்டிப் போனார். எம்.எல்.ஏ. விடுதியில் பக்கத்து அறை நேசையாவுக்கு. கடற்கரைத் தொகுதிக்காரர், நாலு தடவை ஜெயித்தவர். வினாவை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, இந்த அச்சடிச்ச கேள்விக்குப் பதிலை அதிகாரி எழுதிக் கொடுத்துருவான். மந்திரி வாசிப்பார், அதோட சரி. அதுக்குப் பொறவு நீரு எந்திச்சுக் கேப்பீரே துணை வினா, அதுலதான் இருக்கு சங்கதி. அதுக்கு அவரு வாயிலயிருந்துல்லா பதில் வரணும்."

திருஞானசம்பந்தம் ஆறு துணை வினாக்கள் எழுதி வைத்துக்கொண்டார். எவ்வளவு செலவாகும், எப்போது தொடங்கும், அதுவரை என்ன ஏற்பாடு என்று எல்லாம் வரிசையாக இருந்தன.

மறுநாள் காலை பேரவைத் தலைவர் எண்ணைக் கூப்பிட்டார். இவர் எழுந்து, "வினா எண் மூன்று" என்றார். கல்வி அமைச்சர் எழுந்து தாளைப் பார்த்து வாசித்தார்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே. (அ) ஆம். 1989ஆம் ஆண்டிலேயே கட்டப்பட்டுள்ளது. (ஆ) வினா எழவில்லை."

அவர் உட்கார்ந்துவிட்டார். மூன்று வரியில் முடிந்தது.

திருஞானசம்பந்தத்தின் கையிலிருந்த ஆறு வினாவும் 'இல்லை' என்ற பதிலை நம்பி எழுதியவை. ஒன்றுக்கும் இப்போது வேலை இல்லை. பின்னால் யாரோ, "கேளுங்க, இல்லேன்னா உக்காருங்க" என்றார்கள். பேரவைத் தலைவர் அடுத்த எண்ணைப் பார்க்கக் குனிந்தார்.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சின்னக் கட்டடம் ஞாபகம் வந்தது. பள்ளிக்குப் பின்னால், சுற்றுச்சுவரை ஒட்டி, துருப்பிடித்த பூட்டோடு நின்றது. வீடு வீடாகப் போன அன்று, அது என்ன என்று கேட்டதற்குக் கைலாசம், "நான் வரதுக்கு முந்தியே பூட்டிக் கெடக்கு. உள்ள ஒடைஞ்ச பெஞ்சு போட்டுருக்காப்ல இருக்கு" என்று சொன்னார். சாமான் அறை என்று நினைத்து இவரும் தாண்டிப் போய்விட்டார்.

"பேரவைத் தலைவர் அவர்களே," என்றார். குரல் பிசிறியது. "அந்தக் கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். அது பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று அமைச்சர் அவர்கள் சொல்ல முடியுமா?"

சபை சிரித்தது. ஆளுங்கட்சிப் பக்கம் ஒருவர், "சாவியை அமைச்சர் இடுப்பிலயா வச்சிருக்காரு?" என்று கேட்கவும் சிரிப்பு இன்னும் பெரிதானது. அமைச்சர் அதிகாரிகள் இருக்கும் பக்கம் திரும்பினார். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. படித்துப் பார்த்து, "கட்டடம் ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறது" என்றார்.

திருஞானசம்பந்தம் மேலே மாடத்தைப் பார்த்தார். முதல் வரிசையில், மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஞானம்பாள் உட்கார்ந்திருந்தாள். அவள் கதை அவர் நாக்கு நுனியில் நின்றது. 'என் மனைவி எட்டாவதோடு நின்றது இதனால்தான்' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், இந்தச் சிரிப்பு அத்தனையும் அடங்கிப்போகும். நாளைக்குப் பேப்பரில்கூட வரும். ஆனால் முப்பத்துநாலு வருடம் அவள் அவரிடமே சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. ஒரு சின்னப் பெண்ணின் வாயைத் திறக்க வைப்பதற்காக வெளியே எடுத்தாள். சபையில் எடுத்து வைக்க அது அவருடைய பொருளில்லை.

சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார்.

"நான் கேட்டதுதான் தவறு. கட்டடம் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது என்று பதில் வந்தது. பிள்ளைகள் அதற்குள் போக முடிகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். காலை ஒன்பது மணி முதல் மாலை நாலரை மணி வரைக்கும் அந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் குடிப்பதில்லை என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. எட்டாம் வகுப்பில் முப்பத்தொரு பேர், ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பேர். இந்த இருபத்திரண்டு பேரும் எங்கே போனார்கள் என்று அமைச்சர் அவர்கள் கேட்டுச் சொல்வார்களா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் கையை உயர்த்தினார். பெயர் சுகிர்தா, டாக்டர். பேரவைத் தலைவர் அனுமதித்ததும் எழுந்தார்.

"மாநிலம் முழுக்க எத்தனை பள்ளிகளில் கட்டடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எத்தனை பள்ளிகளில் கதவு திறந்திருக்கிறது, உள்ளே தண்ணீர் வருகிறது? அதை மட்டும் அறிய விரும்புகிறேன். என்னிடம் வைத்தியத்துக்கு வரும் பெண்பிள்ளைகளில் பலருக்கு நீர்க்கடுப்பு. அதனால்தான் கேட்கிறேன்."

மறுபடியும் ஒரு சீட்டு வந்தது. அதை அமைச்சர் பிரிக்கவில்லை.

"என் கையில் உள்ள பதிலில் கட்டடம் இருக்கிறது," என்றார். "திறந்திருக்கிறதா என்பது இல்லை. எனக்கும் தெரியாது. எனக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பள்ளியை உடனே பார்க்கச் சொல்கிறேன். மாநிலம் முழுவதும் கணக்கெடுத்து மூன்று மாதத்தில் அவையில் வைக்கிறேன்."

வினா நேரம் முடிந்து வெளியே வந்தபோது ஞானம்பாள் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மேல பாத்தீங்களே, சொல்லிருவீங்களோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டு."

"சொல்லிருந்தா இன்னும் கொஞ்சம் எடுபட்டிருக்கும்."

"எடுபட்டிருக்கும். அதுக்குப் பொறவு நான் இந்தப் படியில எப்படி எறங்குவேன்?" என்றவள், நாலு எட்டு நடந்த பிறகு, "இனிமே வீட்டுக்கு வாரவங்ககிட்ட அந்த ஓட்டக் கதையைச் சொல்லாம இருந்தா போதும்" என்றாள்.

"சொல்ல மாட்டேன்."

"கணக்குல நான் கெட்டின்னு வேணா சொல்லிக்கிடுங்க."

ஐந்தாம் நாள் பொறியாளர் ஒருவர் வந்து புன்னைவிளாகத்தில் பூட்டை உடைத்தார். உள்ளே உடைந்த பெஞ்சுகளும் இறுகிப்போன சிமெண்ட் மூட்டைகளும் இருந்தன. குழாய் இல்லை, தொட்டி இல்லை. அவற்றைப் போட ஏழு மாதம் ஆனது. திருஞானசம்பந்தம் வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று மாதம் என்று சொன்ன கணக்கு அவைக்கு வர ஒரு வருடம் ஆயிற்று. அவர் தொகுதியில் மட்டும் பதினொரு பள்ளியில் நாலில்தான் கதவும் தண்ணீரும் இருந்தன. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் மிச்ச ஏழு பள்ளிகளைப் பற்றிக் கேட்டார். ஐந்துக்குக் கிடைத்தது. இரண்டுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. வருத்தம் இருந்தது, அதைச் சாப்பாட்டு நேரத்தில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

புன்னைவிளாகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருபத்தாறு பேர் ஆனார்கள். பொன்செல்வி அதில் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தபோது அவளுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். தங்கைதான் போனாள். பொன்செல்வி வீட்டில் பீடித் தட்டுக்குப் பக்கத்தில் தங்கையின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஞானம்பாள் போய் வந்தாள். இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வைப் பொன்செல்வி தனித்தேர்வராக எழுதினாள். முதல் தடவை ஆங்கிலத்தில் போய்விட்டது. ஐப்பசியில் மறுபடியும் எழுதித் தேறினாள்.

முடிவு வந்த அன்று தங்கத்தாயும் பொன்செல்வியும் ஒரு பொட்டலம் அல்வாவோடு வீட்டுக்கு வந்தார்கள். திருஞானசம்பந்தம், "வாங்க, வாங்க" என்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பொன்செல்வி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரே ஞானம்பாளிடம் போய் நின்றாள். இவர் அல்வாவில் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

முன்னறையில் பெண்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பொன்செல்வி என்னமோ சொல்ல, ஞானம்பாள் உரக்கச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அவர் கேட்டதில்லை. என்ன விஷயம் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.