மரம் இறக்கிய வள்ளம்

வளர்பிறை நீச்சற் கழகம் அந்த வருடம் வென்ற ஒவ்வொரு கிண்ணமும் எனக்கு ஒரு காய்ச்சல். ஊர் வெடி கொளுத்தியது. நான் அடுப்படியில் நின்று நடுங்கினேன். முதலில் கீரிமலைக் கேணியில் வென்று வந்தார்கள். கேணிக்குச் சுற்றிவரச் சுவர் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஊர்காவற்றுறையில் வென்றார்கள். அங்கே சுவர் இல்லை, ஆனாலும் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். அதன் பிறகு காங்கேசன்துறையில் வென்றார்கள். அங்கே எதிர்க்கரை இந்தியாவில் இருக்கிறது. வெல்ல வெல்லத் தூரம் கூடியது. தூரம் கூடக் கூட எனக்குச் சோறு இறங்கவில்லை.

வென்றவர் வேறு யாருமில்லை, என் புருஷன் சோமசேகரம்தான். கழகத்தில் வேறு இளைஞர்களும் நீந்தினார்கள். ஆனால் நெடுந்தூரம் என்றால் ஊர் முழுக்க இவர் முகத்தைத்தான் பார்க்கும். கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கழகத் தலைவர் நடராசா சம்மாட்டியார் வழியில் கண்டால், "பிள்ளை, அவனுக்கு முட்டை குடுக்கிறியோ?" என்று கேட்பார். முட்டை கொடுத்தேன். முட்டையோடு சேர்த்து நேர்த்தியும் வைத்தேன். எந்தெந்தக் கோயிலுக்கு என்ன சொன்னேன் என்பது எனக்கே மறந்துபோகிற அளவுக்கு வைத்தேன்.

எங்கள் துறையில் பிறந்த ஒருத்தி கடலுக்குப் பயம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் பாவாடை கட்டிய வயதில், ஒரு வாடைக் காலத்தில், என் அப்பா மரம் இறக்கிய வள்ளத்தில் வந்தவர்.

வெளியூராருக்கு இது விளங்காது. எங்கள் துறையில் வள்ளத்தில் ஒரு உயிரற்ற உடல் வருகிறதென்றால், பாய்மரத்தைக் கழற்றி வள்ளத்துக்குள் கிடத்திவிட்டு, தண்டு வலித்துத்தான் வருவார்கள். எவ்வளவு நல்ல காற்று அடித்தாலும் பாய் விரிப்பதில்லை. மற்ற நாட்களில் கரை தட்டிய பிறகுதான் மரத்தில் கை வைப்பார்கள். ஆகவே மரம் இல்லாமல் ஒரு வள்ளம் தூரத்தில் தெரிந்தால், யாரும் யாரையும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. வள்ளத்தில் வருகிறவன் வாய் திறந்து அந்தச் செய்தியைச் சொல்லாமல் தப்புவதற்காகவே அப்படி வைத்தார்கள் என்று நினைக்கிறேன். வள்ளம் வந்து சேர்வதற்குள் கரையில் ஒப்பாரி தொடங்கிவிடும்.

கடைசிப் போட்டி ஆவணியில். பருத்தித்துறையிலிருந்து எங்கள் துறை வரை கடலில் நீந்தி வர வேண்டும். அதில் வெல்கிற கழகத்துக்கே அந்த வருடத்துக் கேடயம். எங்களோடு முட்டி மோதிக்கொண்டு நின்றது யாழ்ப்பாணப் பட்டணத்துக் கழகம் ஒன்று.

"இஞ்சாருங்கோ, உந்தக் கேடயம் எங்களுக்கு வேணுமே?" என்று முதல்நாள் பின்னேரம் கேட்டேன்.

"வேணும்."

"வீட்டிலை வைக்க இடமில்லை."

"இடம் நான் செய்யிறன். நீர் பயப்பிடாதையும். உம்மடை அண்ணைதானே பக்கத்திலை வாறார்."

அது உண்மைதான். நீந்துகிறவருக்குத் துணையாக ஒரு வள்ளம் கூடவே வர வேண்டும் என்பது போட்டி விதி. இவருக்குத் துணைவள்ளம் ஓட்டியது என் அண்ணை மார்க்கண்டு. கரைப்பக்கம் முழுக்கக் கல் கிடப்பதால், அண்ணை வள்ளத்தைக் கரைப்பக்கமாக வைத்துக்கொண்டு இவரைக் கடற்பக்கத்தில் விடுவார். அலை தூக்கி இவரைக் கல்லில் அடித்துவிடக் கூடாதே என்ற கவனம். அண்ணை கெட்டிக்காரர். ஆனால் கெட்டிக்காரர்தான் துணைக்கு வருகிறார் என்றால் பயம் போய்விடுமா? என் அப்பாவோடு போனவர்களும் கெட்டிக்காரர்தான்.

அன்று காலையிலிருந்தே கடற்கரை கல்யாண வீடு. சம்மாட்டியார் பட்டு வேட்டியோடு நின்றார். கதிரைகள் போட்டிருந்தார்கள். தவிலும் நாதஸ்வரமும் வந்திருந்தன. கரையில் ஒரு கொடி நட்டிருந்தது. அதை முதலில் தொடுகிறவருக்கு வெற்றி. என் மாமி பூரணம், மகனுக்குச் சுற்றிப் போட ஆலாத்தித் தட்டோடு முன்னுக்கு நின்றார். எனக்கும் தலை நிறையப் பூ வைத்துவிட்டிருந்தார்கள். வராமல் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வென்று வாறவன்ரை பெண்சாதி அடுப்படியிலை இருக்கிறதோ?" என்று மாமி இழுத்து வந்துவிட்டார்.

வெயில் ஏறிய நேரத்தில் அண்ணையின் பாய் தெரிந்தது. அதில் ஒரு பெரிய சிவப்பு ஒட்டு உண்டு, எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுபிடிக்கலாம். சனம் கூவியது. தவில்காரர் வாரைத் தோளில் மாட்டினார். நான் அந்தச் சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது மேலே நிற்கும் வரை இவர் உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான் எனக்குக் கணக்கு.

திடீரென்று பாய் விழுந்தது.

"காத்து விழுந்திட்டுது போலை," என்றார் பக்கத்தில் நின்ற குணலட்சுமி அக்கா. காற்று விழவில்லை. அது கரையிலிருந்து என் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது, என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கும் அது தெரியும். அவர் என் கையைப் பிடித்தார்.

பிறகு பாய்மரம் ஆடியது, சரிந்தது, இல்லாமல் போயிற்று.

கூவிக்கொண்டிருந்த சனம் அப்படியே அடங்கியது. வள்ளம் இரண்டு பக்கமும் தண்டு வலித்துக்கொண்டு மெல்ல வந்தது. பட்டணத்துக் கழகத்தார் கொண்டுவந்த மோட்டார் படகு அதற்குப் பக்கத்தில் ஒட்டி நின்றது. தண்ணீரில் தலை தெரிகிறதா என்று ஆண்கள் கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்தார்கள். ஒரு தலையும் தெரியவில்லை. "வள்ளத்திலை ஏத்திப்போட்டாங்கள்," என்று யாரோ மெல்லச் சொன்னார். உயிருள்ளவரைச் சொல்கிற மாதிரி அவர் சொல்லவில்லை.

ஆலாத்தித் தட்டு மணலில் விழுந்தது. மாமி இரண்டு கையாலும் மார்பில் அடித்தார்.

"என்ரை ராசா சோமு! கிண்ணம் வாங்கப் போறனெண்டு கிழக்காலை போனியோ! பெத்தவளை நிக்கவைச்சுப் பேசாமல் வாறியோ!"

அதோடு முழுக் கடற்கரையும் பிடித்துக்கொண்டது. பெண்கள் கூடி ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, இவர் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறைக்குள் போட்டார். பறைமேளத்துக்குச் சொல்ல ஒரு ஆள் ஓடியதும் என் கண்ணில் பட்டது. என் தலையிலிருந்த பூவை யாரோ பிடுங்கினார்கள். அது யார் என்று இன்றுவரை ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை.

தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதை விட்டால் அதையும் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். இனி நான் என்ன செய்வேன், எந்த வீட்டில் இருப்பேன், என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் ஒரே நொடியில் மனதுக்குள் வந்தது. என் அம்மா வெள்ளைச் சேலையில் கிணற்றடியில் நிற்கிறது வந்தது.

"அழு பிள்ளை, அழு! அழாட்டி விசர் பிடிச்சிடும்!" குணலட்சுமி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கன்னத்திலும் ஒன்று விட்டார். நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

வள்ளம் கரையோரக் கல்வரிசையான கற்பாரின் வாய்க்கு வந்தது. எங்கள் துறையில் கல்லுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய வழி இருக்கிறது. கரைக்கு வருவதானால் அதற்குள்ளால்தான் வர வேண்டும். வள்ளமும் ஆளும் ஒரே நேரத்தில் அதில் நுழைய முடியாது. அண்ணை வள்ளத்தை ஒதுக்கி நிறுத்தினார். வள்ளம் விலகிய இடத்தில், வெள்ளை நுரைக்கு நடுவே, ஒரு கை மேலே வந்தது.

"கை! உங்கை பார், கை தெரியுது!" என்று ஒரு கிழவர் கத்தினார்.

இன்னொரு கை வந்தது. பிறகு கறுத்த தலை. அவர் நீந்திக்கொண்டிருந்தார். சும்மா இல்லை, நாய் துரத்துகிற மாதிரி நீந்தினார். அவருக்குப் பின்னால் வந்த பட்டணத்துக்காரர் இன்னும் பாரின் வாயைக்கூடப் பிடிக்கவில்லை. மாமியின் ஒப்பாரி பாதியில் அறுந்தது; வாய் மட்டும் மூடவில்லை. இவர் தவழ்ந்து, எழும்பி, திரும்ப விழுந்து, கொடியைத் தொட்டார். வளர்பிறைக்குக் கேடயம். ஒருவருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. நாதஸ்வரக்காரர்தான் பதறிப்போய் வாத்தியத்தைத் திரும்பவும் உறையிலிருந்து இழுத்தார்.

அண்ணை கரையேறியதும் முதலில் என்னிடம்தான் ஓடி வந்தார். பாய் காற்றைத் தடுத்து இவருக்கு உதவுகிறது என்று பட்டணத்தார் நடுக்கடலில் முறைப்பாடு சொன்னார்களாம். மத்தியஸ்தராக மோட்டார் படகில் வந்த கனிசியஸ் மாஸ்டர், பாயையும் மரத்தையும் இறக்கச் சொல்லிவிட்டாராம்.

"மாட்டன் எண்டு சொன்னனான், தங்கச்சி. இறக்காட்டி சோமுவைப் போட்டியாலை நீக்கிப்போடுவன் எண்டார். கரையிலை சனம் வேறை மாதிரி நினைக்கும் மாஸ்டர் எண்டன். கரையிலை நிக்கிற சனமோ மத்தியஸ்தர் எண்டு கேட்டார். சோமு தண்ணிக்குள்ளை கிடந்து, இறக்கு மச்சான், இறக்கு எண்டு கத்துறார். நான் என்ன செய்ய?"

மாமி கனிசியஸ் மாஸ்டரைத் தேடிப் போனார். அந்த மனிதரின் ஏழு தலைமுறையும் அன்று கழுவிக் காயப்போடப்பட்டது. பாவம், அவர் ஒரு கதிரைக்குப் பின்னால் நின்று, "அம்மா, எனக்கு உந்த வழக்கம் தெரியாதம்மா," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பயம் தெளிந்த சனத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் எப்படி அழுதார் என்று அழுது காட்டினார்கள். சம்மாட்டியார், "வாற வருசமும் இப்பிடி அழுங்கோ, கேடயம் எங்களை விட்டுப் போகாது," என்றார். எனக்கு அவர் பட்டு வேட்டியைப் பிடித்துக் கடலில் தள்ள வேண்டும் போலிருந்தது.

இவர் துவாயைப் போர்த்துக்கொண்டு மணலில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். கண் இரண்டும் சிவந்திருந்தன. சுற்றிவர ஆட்கள் நின்றது அவருக்குத் தெரியவில்லைப் போலும், என்னோடுதான் கதைத்தார்.

"அம்மா என்ரை பேரைச் சொல்லி அழுதது தண்ணிக்குள்ளை கேட்டுது, பத்மா. எனக்கு முதல் விளங்கேல்லை. கை சோர்ந்து, காலும் இழுத்துப் பிடிச்சுக்கொண்டிருந்த நேரம். மார்க்கண்டரும் கல்லைப் பாத்துக்கொண்டு வலிக்கிறார், என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. நான் செத்துப்போனன், எனக்குத்தான் தெரியேல்லை எண்டு நினைச்சன். பேசாமல் கையை விட்டிடுவம் எண்டும் வந்தது."

"பிறகு?" என்று சம்மாட்டியார் குனிந்து கேட்டார்.

"பிறகு உம்மடை குரலைத் தேடினன். அம்மாவின்ரை குரல் கேக்குது, குணலட்சுமியக்காவின்ரை குரல் கேக்குது. உம்மடை குரலைக் காணேல்லை. பத்மா அழேல்லை எண்டால் நான் சாகேல்லை எண்டு நினைச்சன். அதைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்து சேந்தன்."

"பாத்தியளே! உதுதான் பெண்சாதியின்ரை நம்பிக்கை!" என்று சம்மாட்டியார் ஊருக்கே கேட்கச் சொன்னார். எல்லாரும் என்னை ஏதோ கோயில் சிலையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்பிக்கையோ? எனக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கேல்லை. நீங்கள் செத்துப்போனியள் எண்டுதான் நானும் நினைச்சன். கத்தத்தான் வாயைத் திறந்தன். பயத்திலை சத்தம் வரேல்லை."

இவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு இவருடைய சிரிப்பு மட்டும் நின்றது. அவர் பாரின் வாயைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அலை கல்லில் அடித்து உடைந்துகொண்டிருந்தது.

"சத்தம் வந்திருந்தால்?" என்று கேட்டார்.

நான் துவாயை அவர் தோளில் இழுத்துப் போர்த்திவிட்டேன்.

கேடயம் வாங்க அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். எழும்பப் பார்த்தார், கால் நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் இருந்துவிட்டார். அந்த மனிதர் பயந்து நான் கண்டது அன்றுதான் முதல் தடவை. இத்தனை மாதமும் தனியே பயந்துகொண்டிருந்த எனக்கு ஒரு துணை கிடைத்தது.